கொலுசுத் திருகாணி

இடது காலில் கொலுசின் திருகாணி சேரவே இல்லை.

போன கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கினேன். குளித்து, பட்டுப்புடவை கட்டி, கடைசியாகக் கொலுசை எடுத்தேன். வலது காலில் ஒருவழியாக மாட்டிவிட்டது. இடது காலில் இரண்டு முனைக்கும் நடுவே அரை விரற்கடை பாக்கி. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போட்ட அதே கொலுசு. வெள்ளி சுருங்காது, கால்தான் பெருத்திருக்கிறது என்று புரிய எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அதுவரை கொலுசைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். பிசைந்து வைத்த சப்பாத்தி மாவில் விரலை வைத்தாற்போல ஒரு குழி. அது நிறைய அரை நிமிடமாவது ஆகியிருக்கும்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“பஸ்ல உக்காந்தே வந்தேன்லம்மா, அதான்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, “உங்க ஏரியாவுல கொசு ரொம்பக் கடிக்குதாடி?” என்றாள்.

கும்பகோணத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே விளங்கும். அம்மா கேட்டது யானைக்காலைப் பற்றி. எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கணுக்காலைப் பார்ப்பார்கள் என்று பாட்டி சொல்வாள். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆட்கள் வந்து, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நோயின் குட்டிப் புழுக்கள் பகலில் உள்ளே பதுங்கிக்கொள்ளும், சாக்கடைக் கொசு கடிக்க வருகிற ராத்திரி நேரத்தில்தான் வெளி ரத்தத்தில் உலாவும் என்பது பிறகுதான் தெரிந்தது. 1955-இல் தொடங்கிய தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வேலை அது. அப்போது எங்களுக்கு அது வெறும் ஊசிக்காரர் பயம்தான். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயதாகியும் அந்தப் பயம் போகவில்லை. வீங்கிய கால் என்றால் அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும், அதையும் வாயால் சொல்ல மாட்டாள்.

கொலுசைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டி, விசேஷத்தை முடித்தேன். யாரும் கவனிக்கவில்லை. சின்ன அண்ணி மட்டும், “நின்னுக்கிட்டே இருந்தா கால் வீங்கத்தான் செய்யும், எனக்கெல்லாம் பத்து வருஷமா இப்படித்தான்” என்றாள். பத்து வருடமாக வீங்கும் காலை ஒரு தடவைகூட யாரிடமும் காட்டவில்லையாம். எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நான் நிற்கிற வேலைக்காரி இல்லை, உட்காருகிறவள். டி.டி.பி. வேலை, அதாவது கம்ப்யூட்டரில் புத்தகப் பக்கம் அமைப்பது, இருபத்து நான்கு வருடம். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பேஜ்மேக்கரில் ஆரம்பித்து, இப்போது வீட்டிலேயே இன்டிசைனில் புத்தகங்களுக்கு லே-அவுட் செய்கிறேன். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி வரும் அல்லவா, அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் எங்களுக்கு அறுவடைக் காலம். வருடம் முழுக்கத் தூங்கிய பதிப்பாளர்கள் எல்லாரும் நவம்பரில் ஒரே நாளில் எழுந்துகொள்வார்கள். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி பதினொன்று. மருத்துவ நூல்களே பத்துப் பதினைந்து என் கைவழியாகப் போயிருக்கும். “நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காருவதைத் தவிர்க்கவும்” என்ற வரியை நானே எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை, அதுவும் நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி. ஒற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கண்ணுக்கு வாக்கியத்தின் பொருள் தெரியாது.

வீட்டுக்கு வேலையை மாற்றிக்கொண்டபோது ஒன்றைச் சாமர்த்தியமாகச் செய்ததாக நினைத்தேன். எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். வலது பக்கம் பிரிண்டர். இடது பக்கம் குழாய் வைத்த தண்ணீர் கேன். பின்னால் திரும்பினால் காப்பி ஃபிளாஸ்க், மிக்சர் டப்பா. முன்பெல்லாம் புரூஃப் கட்டைத் தூக்கிக்கொண்டு ஜாம்பஜார் வரை நடப்பேன், இரண்டு மாடி ஏறி மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுப்பேன். இப்போது வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். போகிறது, வாட்ஸ்அப்பில் திருத்தம் வருகிறது. நாள் முழுக்க என் உடம்பில் அசைந்தது விரல்கள் மட்டும்தான்.

நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் உயரம் நாலடி பத்து அங்குலம். கடையில் கிடைக்கிற ஆபீஸ் நாற்காலி எதுவும் எனக்குச் செய்ததில்லை. மேஜைக்குச் சரியாக உயர்த்தினால் கால் தரையில் படாது, தொங்கும். நாற்காலியின் முன் விளிம்பு தொடையின் கீழே, முழங்கால் மடிப்புக்குப் பக்கத்தில் அழுத்தும். அது உறுத்தினால் நாற்காலி மேலேயே சம்மணம் போட்டுக்கொள்வேன். மரத்துப்போனால் மறுபடி தொங்கப் போடுவேன்.

அப்புறம் தண்ணீர். திருவல்லிக்கேணி அச்சகத்தில் நாங்கள் ஐந்து பெண்கள். கழிவறை ஒன்று இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும், இரண்டு பேர் எழுந்தால் முதலாளி முறைப்பார். அதனால் காலைக் காப்பிக்குப் பிறகு சாயங்காலம் வீடு திரும்பும் வரை தண்ணீரைத் தொடுவதில்லை. இப்போது என் வீட்டுக் கழிவறைக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கிறது, ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. கேன் பக்கத்திலேயே இருந்தாலும் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தாண்டாது. தண்ணீர் குடிக்காததைவிட, குடிக்காததால் எழுந்து போகாமல் இருந்ததுதான் பெரிய நஷ்டம் என்று இப்போது தோன்றுகிறது.

சென்னைக்குத் திரும்பியதும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டர் என் காலைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே “வீக்கமா?” என்று கேட்டு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்கு நாள் பாத்ரூமுக்கும் நாற்காலிக்குமாக அலைந்தேன். வீக்கம் கொஞ்சம் வற்றினாற்போல இருந்து திரும்ப வந்தது. போதாக்குறைக்கு ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு அட்டைப்படம் செய்து கொடுக்கும் தம்பி போன் செய்தார். முப்பத்தைந்து வயது. வேலை விஷயமாகப் பேசும்போது காலைப் பற்றி யதேச்சையாகச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “ஒரு காலாக்கா, ரெண்டு காலா?”

அவருக்கு இரண்டு வருடம் முன்னால் நடந்ததை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகச் சொன்னார். நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல உட்கார்ந்து வேலை. இடது கெண்டைக்கால் மட்டும் கனத்து, வலித்து, தொட்டால் சூடாக இருந்ததாம். சுளுக்கு என்று நினைத்து, சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டி, நெஞ்சு குத்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். காலின் ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆறு மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டார். “வலிக்குதேன்னு நீவினேன்க்கா. நீவியிருக்கவே கூடாதாம்” என்றார். எண்ணெய் போட்டு நீவுவதுதான் நம் ஊரில் எல்லாக் கால் வலிக்கும் முதல் வைத்தியம். இதை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டலாம் போலிருந்தது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் கையை வைக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு இரண்டு காலும். இடது கொஞ்சம் அதிகம். அவர் சொல்லித்தான் ஜி.எச். போனேன், சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரி. ரத்தநாளப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம். பக்கத்தில் ஓர் ஓட்டல் பரோட்டா மாஸ்டர், ஒரு டிராஃபிக் போலீஸ்காரர், தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஓர் அம்மா. மூன்று பேருக்கும் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. (ரத்தக் குழாயை நாம் ஏன் ‘நரம்பு’ என்கிறோம் என்று தெரியவில்லை. டாக்டர்களும் அலுத்துப்போய் நம்மோடு சேர்ந்து நரம்பு என்றே சொல்கிறார்கள்.) ஜவுளிக்கடை அம்மா பதினோரு வருடம் நின்றே புடவை விரித்துக் காட்டியவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்ததே என்று கேட்டேன். “ஸ்டூல் போட்டிருக்காங்கம்மா. உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பாரு” என்றார். ஸ்டூலுக்கும் தாழ்ப்பாளுக்கும் ஏதோ உறவு இருக்கிறது.

உள்ளே இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். முதலில் புடவையை முழங்கால் வரை தூக்கச் சொல்லி இரண்டு காலையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார், அம்மா செய்த அதே வேலை. அப்புறம் கேள்விகள். காலையில் எழுந்ததும் வீக்கம் இருக்கிறதா, சாயங்காலம்தான் வருகிறதா? காலையில் முகம், கண்ணிமை உப்புகிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இருமல்? அப்பா அம்மாவுக்கு இப்படி இருந்ததா? ஒவ்வொரு கேள்வியும் ஓர் உறுப்பைத் தட்டிப் பார்ப்பது என்று பாதியில்தான் எனக்குப் புரிந்தது. முகம் உப்பினால் சிறுநீரகம், படுத்தால் மூச்சு முட்டினால் இதயம், இப்படி. வயிறும் சேர்ந்து உப்பினால் கல்லீரலையும் பார்ப்பார்களாம். தைராய்டும் இந்த வரிசையில் உண்டு.

“என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?”

“பி.பி. மாத்திரை மட்டும்தான் டாக்டர். அம்லோ.”

“எத்தனை எம்.ஜி.?”

“முன்னாடி அஞ்சு. செப்டம்பர்ல பத்தாக்கினாங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அம்லோடிபின் என்ற அந்த மாத்திரையை நம் ஊரில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள், தெருவுக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள். நல்ல மாத்திரை, விலையும் குறைவு. ஆனால் கால் வீக்கம் அதன் தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடக் கூட வீக்கம் கூடும், பெண்களுக்கு இன்னும் அதிகம். டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருகிற தமனிகளின் சின்னக் கிளைகளை அது விரித்துவிடும். திருப்பி எடுத்துப்போகிற சிரைகள் அதே அளவுக்கு விரியாது. வாய்க்காலில் வரத்து அதிகம், வடிகால் பழையபடி. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் சதைக்குள் கசியும். அதனால்தான் நீர் மாத்திரைக்கு அது மசியவில்லை. மாத்திரையை அவர் மாற்றிக் கொடுத்தார், அளவைக் குறைத்து இன்னொன்றைச் சேர்த்தார். இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் பி.பி. மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் போய்க் காலைக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரி. டாப்ளர் ஸ்கேன்தான் எனக்குப் பிடித்தது. இருட்டறையில் காலில் சில்லென்று ஜெல் தடவி, தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு விரற்கடைக்கு ஓர் இடமாக அந்தக் கருவியால் அமுக்கிக்கொண்டே வந்தார்கள். நல்ல சிரை அமுக்கினால் கண்ணை மூடுவதுபோல ஒட்டிக்கொள்ளும். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் மூடாது. என் சிரைகள் எல்லாம் ஒழுங்காகக் கண்ணை மூடின. கெண்டைக்காலைப் பிசைந்தபோது பெட்டியிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம், ரத்தம் மேலே ஓடுகிறது. இடது காலில் மட்டும் கையை எடுத்ததும் இன்னொரு உஸ், கொஞ்சம் திரும்பி வருகிறது. தோலுக்குக் கீழே ஓடும் நீளச் சிரையில் வால்வு ஒன்று லேசாகப் பழுது. இடுப்புக்குள் இடது காலின் பெரிய சிரையை வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே தாண்டிப் போகிறதாம். அதனால் இடது கால் எப்போதும் கொஞ்சம் கொடுத்துவைக்காதது. என் கொலுசுக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

“மாத்திரை பாதி, உங்க நாற்காலி பாதி” என்றார் டாக்டர். உடம்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு எடிட் செய்து கொடுத்ததில்லை.

நாற்காலியின் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ள அன்று ராத்திரி வேலையை ஓரம் கட்டிவிட்டுப் படித்தேன். இதயம் ரத்தத்தைக் கால்வரை தள்ளிவிடும், ஆனால் அங்கிருந்து மேலே இழுக்க அதற்குக் கை இல்லை. அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அது சுருங்கி, ஆழத்துச் சிரைகளைப் பிழிந்து, ரத்தத்தை மேலே ஏற்றும். ஏறியது இறங்காமல் வால்வுகள் பிடித்துக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்காலின் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்க ஆரம்பித்தால் அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அந்த வால்வுகள் ஒரே திசையில்தான் வழிவிடும் என்பதை 1628-இல் வில்லியம் ஹார்வி முன்கையைக் கட்டி, விரலால் வழித்துக் காட்டினார். நானும் செய்து பார்த்தேன். கையில் புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கம் வழித்தால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. மேலிருந்து ரத்தம் இறங்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் என் கையைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டேன்.

படித்ததில் மனதை விட்டுப் போகாதது லண்டன் கதை. 1940-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து ஜனங்கள் ராத்திரி முழுக்கப் பதுங்குமிடங்களில் கான்வாஸ் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அந்த நாற்காலிகளின் முன்பக்க மரச்சட்டம் தொடையின் கீழே அழுத்தியது. குண்டு விழாமல் தப்பித்தவர்களில் சிலர், காலையில் எழுந்து நடந்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துச் செத்தார்கள். கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அதைக் கவனித்து எழுதினார். இன்னொன்று, 2003-இல் நியூஸிலாந்திலிருந்து வந்த ஒரு மருத்துவக் குறிப்பு: முப்பத்திரண்டு வயது ஆள், கம்ப்யூட்டர் முன்னால் தினம் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினெட்டு. காலில் ரத்தக்கட்டி, அது நுரையீரலுக்குப் போனது. படித்தபோது மணி ஒன்றரை. என் நாற்காலியின் முன் விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.

பயந்து சாகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்பதும் உண்மை. உட்காருகிற எல்லாருக்கும் ரத்தம் கட்டுவதில்லை. அறுவை சிகிச்சை, பிரசவம், புற்றுநோய், கருத்தடை மாத்திரை, பரம்பரை, பருமன் இப்படி வேறு ஏதாவது சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. ஆனால் வீக்கத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை, நாற்காலியும் நேரமும் போதும்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்து, யானைக்கால் இல்லை என்று முதலில் சொன்னேன். பெருமூச்சு விட்டாள். அப்புறம் நாற்காலிக் கதையைச் சொன்னால் ஒத்துக்கொள்ளவே இல்லை. “நான் முப்பது வருஷம் உக்காந்துதான் தச்சேன். எனக்கு வீங்கலையே?”

நியாயமான கேள்வி. அம்மா தையல்காரி. உஷா மிஷின், இரும்புக் காலும் மிதிபலகையுமாக. காலையில் சமையல் முடித்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை ஜாக்கெட்டும் பாவாடையும் ஓடும், தீபாவளி வந்தால் நடுராத்திரி வரை. என்னைவிடக் குறைவாக உட்கார்ந்தவள் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். அந்த மிஷின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, கடக் கடக் கடக் என்று. அந்த ஒவ்வொரு கடக்குக்கும் இரண்டு கணுக்காலும் மேலும் கீழும் ஆடியிருக்கும், கெண்டைக்கால் பிழிந்து பிழிந்து விட்டிருக்கும். அம்மா முப்பது வருடம் உட்கார்ந்தபடியே நடந்திருக்கிறாள்.

“மோட்டார் வச்சப்புறம்?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஆமாண்டி. மோட்டார் வச்சப்புறம்தான் சாயங்காலத்துல செருப்பு இறுக ஆரம்பிச்சது. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்.”

1998-இல் அண்ணன் தன் முதல் சம்பளத்தில் வாங்கிப் பொருத்திய மோட்டார். பாவம், கால் வலிக்காமல் இருக்கட்டும் என்றுதான் வாங்கினான். வலது பெருவிரலால் லேசாக அழுத்தினால் போதும், மிஷின் பறக்கும். வயதும் காரணமாக இருக்கலாம், மோட்டாரே காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அண்ணனுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கும்.

தையல்காரி மகள் என்பதால் நான் அளவெடுக்க ஆரம்பித்தேன். இஞ்ச் டேப்பைக் கட்டிலில் தொங்கவிட்டு, கணுக்கால் முட்டிக்கு இரண்டு விரல் மேலே, காலை எழுந்ததும் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. ஆரம்பத்தில் இடது கால் காலையில் எட்டே முக்கால், ராத்திரி ஒன்பதரை. மாத்திரை மாற்றிய பத்து நாளில் ராத்திரி அளவு ஒன்பதே காலுக்கு வந்தது. அதற்கப்புறம் அசையவில்லை. மீதி நாற்காலியின் பங்கு.

பிரிண்டரைத் தூக்கிச் சமையலறை வாசலில் வைத்தேன். ஒவ்வொரு பிரிண்டுக்கும் பதினான்கு அடி போக, பதினான்கு அடி வர. கேனை அடுப்படிக்கு அனுப்பினேன், மேஜையில் ஒரு டம்ளர் மட்டும். தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். எங்கள் தொழிலில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். கால் ஃபாரத்துக்கு, அதாவது நான்கு பக்கத்துக்கு, ஒரு தடவை எழுந்து கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றுகிறேன். முதலில் ஒரு ஃபாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துப் பார்த்தேன், அட்டவணையும் அடிக்குறிப்பும் வந்தால் ஒரு ஃபாரம் முடிய மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. காலுக்குக் கீழே விற்காத பிரதிகள் இரண்டு கட்டு. எந்தப் புத்தகம் என்று சொல்ல மாட்டேன், ஆசிரியர் இதைப் படிக்கிறார்.

உப்பில்தான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஒரு சின்ன ஸ்பூன். மோர் மிளகாய் இல்லாத தயிர்சாதத்தை நான் எந்த நிறுவனத்துக்காகவும் சாப்பிட மாட்டேன். மிக்சரை மட்டும் விட்டிருக்கிறேன்.

மருந்துக்கடையில் வாங்கிய, காலை இறுக்கிப் பிடிக்கும் வெரிகோஸ் சாக்ஸ் ஒரு தனி யுத்தம். கால் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு, தமனியில் அடைப்பு இருப்பவர்கள் அதைப் போடக் கூடாது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, வீக்கம் வருவதற்குள், மாட்டிவிட வேண்டும். சென்னை வெயிலில் அதை ஏற்றுவதற்குள் குளித்த மாதிரி ஆகிவிடும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு இழுத்தால் பிடி கிடைக்கிறது என்று கற்றுக்கொண்டேன். மதியம் இருபது நிமிடம் சுவரில் காலை உயர்த்திப் படுக்கிறேன். அம்மா பொங்கலுக்கு வந்தபோது முதலில் கண்டுபிடித்தது, நான் காலை நீட்டியிருந்த சுவரின் அந்தப் பக்கம்தான் சாமி அலமாரி என்பது. அடுத்த நாளிலிருந்து எதிர்ச்சுவர்.

கல்யாணம் மாசியில். காலையில் கொலுசு இரண்டு காலிலும் போட்டேன், திருகாணி சேர்ந்தது. ராத்திரி வரவேற்பு முடிந்து பார்த்தால் கழற்ற வரவில்லை, சோப்புப் போட்டுத்தான் எடுத்தேன். நாள் முழுக்க வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க வைத்துவிட்டார்கள், நான் என்ன செய்ய? அன்று ராத்திரி சின்ன அண்ணியின் காலையும் டேப் வைத்து அளந்தேன். பத்தேகால். அடுத்த மாதம் அவள் என்னோடு ஜி.எச். வருகிறாள், வரவைத்துவிடுவேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அம்மாவின் பழைய மிஷினின் இரும்புக் கால் அண்ணன் வீட்டுக் கொல்லையில் துளசித் தொட்டியைச் சுமந்துகொண்டு நின்றது. மிஷின் தலை எப்போதோ விலைக்குப் போய்விட்டது. அதைப் பார்சல் லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, துரு தேய்த்து, மேலே பலகை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தேன். உயரம் கச்சிதம். என் கால் எட்டுகிற முதல் மேஜை. மிதித்தால் சக்கரம் வெறுமனே சுற்றுகிறது, பெல்ட் இல்லை. எனக்கு மிதிக்கத் தெரியாததால் பாதி நேரம் பின்பக்கமாகச் சுற்றும், தைக்கிறவளாக இருந்தால் நூல் சிக்கியிருக்கும், டைப் அடிக்கிறவளுக்கு ஒன்றுமில்லை. இடது கால் ராத்திரி அளவு இப்போது ஒன்பது.

அம்மா இந்த வாரம் இங்கே இருக்கிறாள். நேற்று ராத்திரி ஒரு கவிதைத் தொகுப்பை முடித்துக்கொண்டிருந்தேன். கவிதை என்றால் பக்கத்துக்குப் பத்து வரி, கால் ஃபாரம் சீக்கிரம் முடிந்துவிடும், வேகமாக மிதித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உள்ளறையிலிருந்து தூக்கக் குரலில் அம்மா சொன்னாள்: “ஒரே சீரா மிதிடி. நூல் அறுந்துடப் போவுது.”